லாரியில் கேமரா மாட்டியாச்சு, அப்புறம்? மலைப்பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரைவர் கண் அசந்தாலோ வேகம் கூடினாலோ அலாரம் அடிக்கும் கேமராவை எங்கள் லாரியில் மாட்டிய மூன்றாம் வாரம், டிரைவர் முகத்தைக் காட்டும் படம் மட்டும் கறுப்பாக வர ஆரம்பித்தது. ஒயர் போயிருக்கும் என்று வண்டியில் ஏறிப் பார்த்தால், லென்ஸ் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் கலர். டிரைவர் அண்ணன் மழுப்பவே இல்லை. "வளைவுக்கு வளைவு கத்துதுங்க. நான் ரோட்டைப் பார்க்கிறதா, அதுக்குப் பதில் சொல்றதா?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. எங்களிடம் இருப்பது மூன்று லாரி. கேத்தி, ஊட்டிப் பக்கம் காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவதுதான் பிழைப்பு. கடைக்காரர் வைத்துக் கொடுத்த செட்டிங்கை அப்படியே விட்டதுதான் எங்கள் முதல் தவறு.

டிரைவரைப் பார்க்கும் கேமரா அகச்சிவப்பு வெளிச்சத்தில் இருட்டிலும் கண் இமையைக் கவனிக்கும். இமை மூடியே இருந்தால் தூக்கம், முகம் பக்கவாட்டில் திரும்பினால் கவனம் சிதறுகிறது, வாய் அகலத் திறந்தால் கொட்டாவி. இதுதான் அதன் கணக்கு. நாற்கரச் சாலைக்கு இது சரி. குன்னூரிலிருந்து இறங்கும் பாதையிலோ 14 கொண்டை ஊசி வளைவுகள். கீழேயிருந்து பஸ் ஏறி வருகிறதா என்று பார்க்க டிரைவர் கழுத்தைத் திருப்பியே ஆக வேண்டும். ஒழுங்காகப் பார்த்து ஓட்டுகிறவரைத்தான் மெஷின் திட்டிக்கொண்டிருந்தது. குறைந்த வேகத்தில் 'கவனம்' அலாரத்தை அடக்கி வைத்து, இமை அலாரத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். பல கேமராக்களில் இதற்கு வழி உண்டு. கொட்டாவி அலாரத்தை நான் நம்புவதே இல்லை. ராத்திரிக் குளிரில் மப்ளர் வாயை மூடியிருக்கும்; மப்ளர் இல்லாவிட்டால் இளையராஜா பாட்டுக்குக் கூடப் பாடுவதையும் கொட்டாவி என்று எழுதி வைக்கும்.

வேகத்திலும் இதே கதை. வண்டியை ஓர் எல்லைக்கு மேல் ஓட விடாத ஸ்பீடு கவர்னர் மணிக்கு 80 கிலோமீட்டரில் நிற்கும், கேமரா அலாரத்தையும் 60, 80 என்று வைத்துத் தருவார்கள். அந்த இறக்கத்தில், பர்லியாறு பக்கம் லோடு வண்டி 45-ல் இறங்கினால் அது பெரிய ஆபத்து, ஆனால் கேமரா வாயே திறக்காது. குன்னூர் முதல் மலையடிவாரக் கல்லாறு வரை மேப்பில் தனியாக எல்லை போட்டு, அங்கே போர்டில் இருக்கும் வேகத்தையே அலாரத்துக்கும் வையுங்கள். இன்னொன்று: மலை மறைக்கும் இடத்தில் ஜிபிஎஸ் துள்ளும். ஒரே ஒரு நொடி 90 காட்டினால் வண்டி பறந்தது என்று அர்த்தமில்லை. அதற்குப் போய் டிரைவரின் பேட்டா காசில் பிடித்தால், அடுத்த வாரம் பொட்டு திரும்ப வந்துவிடும்.

வேகம் சரியாக இருந்தால் வண்டி சரியாக இறங்குகிறது என்று நினைப்பதும் தவறுதான். எங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வண்டி எப்போதும் 28, 30-ஐத் தாண்டாது. அதற்கே பிரேக் லைனர் மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் தேய்ந்தது. அதன் டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, வேகத்தைப் பிரேக்கிலேயே பிடித்து இறக்கியிருக்கிறார். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,500 மீட்டர்; அவ்வளவு இறக்கத்தையும் பிரேக் மட்டும் தாங்கினால் பிரேக் டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பே இல்லாமல் போகும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் பாடம். வேகத்தோடு எஞ்சின் ஆர்பிஎம்மையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும், சேர்த்துப் பாருங்கள். இறக்கத்தில் 30-ல் ஓடும் வண்டியின் எஞ்சின், நிற்கும் வண்டியில் சுற்றுவது போல ஐடிலில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

அலாரம் செல்போனுக்கு வந்ததும் டிரைவரைக் கூப்பிடுவது நான் செய்த மகா முட்டாள்தனம். மரப்பாலம் வளைவில் இருக்கிறவருக்கு ஓனர் பெயர் திரையில் வந்தால் எடுக்காமல் இருப்பாரா? இப்போது வண்டி நின்ற பிறகுதான் பேசுகிறோம். கிளீனர் கூட இருந்தால் அவருக்குப் போன், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது தூக்கக் கணக்கு. ஒரு மாதம் இமை அலாரங்களை நேரம் வாரியாக எழுதிப் பார்த்தேன். பெரும்பாலும் ராத்திரி 2 மணிக்கு மேல், விடியும் முன்னால். உடம்பே அந்த நேரத்தில் தூக்கத்துக்கு இழுக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் அப்படி அலாரம் அடித்த ஒரு ராத்திரி, ரிப்போர்ட்டில் அந்த டிரைவர் ஓட்டியது இரண்டே மணி நேரம் என்று இருந்தது. இரண்டு மணி நேரத்தில் என்ன அசதி?

கேமரா எண்ணுவது சாவி போட்ட நேரத்தை மட்டும். அதற்கு முன்னால் அவர் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் வாசலில், வரிசையில் நாலு மணி நேரம் நின்றிருக்கிறார். ஈரத்தரை, பனி. வரிசை நகர நகர வண்டியை முன்னால் தள்ள வேண்டும் என்பதால் சீட்டில் சாயவும் முடியாது. அப்புறம் மூட்டை எண்ணிக்கை, தார்ப்பாய், கயிறு. அன்று மதியம் வீட்டில் விசேஷம் என்று தூங்கவும் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி ஓய்வு என்றும் வைத்தது. நாங்கள் சாவி போடாத நேரத்தை வேலையாகவே எண்ணவில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடும். இரண்டு நொடி கண் செருகினால் வளைவு முடிந்துவிடும், வண்டி வளைந்திருக்காது.

இப்போது லோடு ஏற்ற ஒருவர், வண்டியை மலையிலிருந்து இறக்க ஒருவர். வரிசையில் நிற்பவர், வேலை முடிந்ததும் மலையிலேயே தூங்கிவிடுவார். வீட்டில் தூங்கி எழுந்தவர் குன்னூரில் வண்டியை வாங்கிக்கொள்வார். ட்ரிப்புக்குச் செலவு கூடத்தான் செய்கிறது. மண்டி நேரம் தவறினால் விலை இறங்கும் என்கிற பயமும் போகவில்லை. இமை அலாரம் மட்டும் நன்றாகக் குறைந்துவிட்டது.

சின்னச் சின்னத் தவறுகள் சில. சாதா மெமரி கார்டு ஓயாத பதிவைத் தாங்காது. அதற்கென்றே விற்கும் கார்டைப் போடுங்கள். இடித்தாலோ உரசினாலோ உடனே கார்டைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். தேதி, நேரம் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வண்டி நிற்கும்போதும் கேமரா பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தால் ஊட்டிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடியில் பனி படியும் மாதங்களில் கேமராவை வைப்பர் துடைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒட்டுங்கள்; எங்கள் கடைக்காரர் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போய், ஒரு ஜூலை முழுக்க வெள்ளைத் திரைதான் பதிவாகியிருந்தது.