கார்டு பாயின்ட்டில் கப்பல் ஏறுவது எப்படி: அம்மாவுக்காக நான் போட்ட கணக்கு

என் அம்மா கடலூர் ஓ.டி.யில், அதாவது துறைமுகம் இருக்கும் பழைய நகரத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு மட்டும் படகில் வந்து இறங்கும். "சின்ன வயசுலேருந்து பாக்குறேன், ஒரு தடவகூட ஏறுனதில்ல" என்று அறுபது வயது வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் கிரெடிட் கார்டில், செலவு செய்ததற்குப் பேங்க் தரும் பரிசுப் பாயின்ட் 31,200 கிடந்தது. சரி, அதை வைத்துச் சொகுசுக் கப்பலில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பாயின்ட் எத்தனை பைசா என்று பாருங்கள். என் கார்டில் நாலு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய். ஆக, 31,200 என்பது வெறும் 7,800 ரூபாய்தான். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கியிருந்த எனக்கு அன்றைக்குத்தான் தெளிந்தது. பரிசுப் பட்டியலில் 9,600 பாயின்ட்டுக்கு ஒரு குக்கர் இருந்தது. அதே குக்கர் எங்கள் புதுச்சேரி நேரு வீதிக் கடையில் 1,900 ரூபாய். அப்படி வாங்கினால் ஒரு பாயின்ட்டுக்கு இருபது பைசாகூடத் தேறாது.

என் பேங்க் பட்டியலில் கப்பல் டிக்கெட்டே இல்லை. ஆகவே சுற்றுவழி: டிக்கெட்டைக் கார்டிலேயே எடுத்துவிட்டு, பாயின்ட்டைப் பணமாக்கி அந்த பில்லில் கழிப்பது. சில கார்டுகளில் பேங்கின் பயணத் தளம் வழியாக விமானம், ஹோட்டல் எடுத்தால் பாயின்ட்டுக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கும். அப்படிப்பட்ட கார்டு என்றால் பாயின்ட்டை அதற்குக் கொடுங்கள், மிச்சமாகும் கைக்காசைக் கப்பலுக்குப் போடுங்கள்.

டிக்கெட் எடுக்கும் நாள் முக்கியம். எனக்கு மாதம் 12-ஆம் தேதி பில் போடுவார்கள். 14-ஆம் தேதி எடுத்தேன். அது அடுத்த மாத பில்லில்தான் வந்தது, அதன்பிறகு கட்ட இருபது நாள். கிட்டத்தட்ட 48 நாள் வட்டியில்லாக் கடன்! விளம்பர விலையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். அது தலைக்கு, அதுவும் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கு. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் கடைசிப் பக்கத்தில் வந்து ஏறும். சன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு, ஆனால் கடலைப் பார்க்கத்தானே அம்மாவை அழைத்துப் போகிறேன்? சன்னல் அறையே எடுத்தேன். சென்னையிலிருந்து இரண்டு இரவு, இருவருக்கும் சேர்த்து 52,400 ரூபாய்.

பாயின்ட்டை மொத்தமாக ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் 99 ரூபாயும் வரியும், அதாவது 117 ரூபாய் பிடிப்பார்கள். ஒருமுறை அவசரப்பட்டு 2,000 பாயின்ட்டை 500 ரூபாயாக்கி, அதில் 117-ஐத் தண்டம் அழுதவள் நான். காலாவதித் தேதியையும் பாருங்கள். என் பாயின்ட்டுக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான். முன்பு 6,000 பாயின்ட் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது.

பெரிய பொறி இனிமேல்தான். 7,800 வரவு வைத்தாயிற்றே, பில்லில் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகை அதில் கழிந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். என் பேங்கில் பாயின்ட் வரவைக் கட்டிய பணமாகக் கணக்கில் எடுப்பதில்லை. மீதி 44,600-ஐயும் கெடுவுக்குள் முழுசாகக் கட்டினேன். மிச்சம் வைத்தால் மாதம் 3.5 சதவீத வட்டி, வருஷத்துக்கு 42, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பாயின்ட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஐந்தே மாதத்தில் கரைந்துவிடும். மீதியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

புதுச்சேரியிலேயே ஏறலாமா என்று பலர் கேட்டார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கோர்டீலியா சொகுசுக் கப்பலுக்கு இங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. நாங்கள் ஈசிஆர் வழியாகச் சென்னைக்கு பஸ்ஸில் போய்த்தான் ஏறினோம். ஐப்பசி, கார்த்திகையில் எடுக்காதீர்கள், புயல் காலம். கப்பல் ரத்தானால் பணம் கார்டுக்குத் திரும்பலாம், மாற்றிய பாயின்ட் திரும்பாது.

உள்நாட்டுப் பயணம் என்பதால் ஆதார் போதும். அசல் ஆதாரைப் பீரோவில் வைத்துவிட்டு ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிய அம்மாவுக்காக, முதலியார்பேட்டையிலிருந்து ஆட்டோவைத் திருப்ப வேண்டியதாயிற்று.