ஆறன்முளைக் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா?

கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியில் கண்ணாடியே கிடையாது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, முகம் தெரியும்வரை தேய்த்தெடுத்த உலோகத் தகடு அது. போலியும் விற்பனைக்கு வருவதால், காசு கொடுக்கும் முன் பேனா முனையைப் பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். முனையும் பிம்பமும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டால் அசல் என்று நம்பலாம். சாதாரணக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால், நடுவில் கண்ணாடியின் கனத்தால் இடைவெளி தெரியும். முனையை அழுத்திவிடாதீர்கள், கீறல் விழும். கடைக்காரர் முகமும் மாறும்!

மலையாளிகள் எட்டு மங்கலப் பொருள்களை அடுக்கும் அஷ்டமங்கலத் தட்டில் வைக்கும் பொருள் இது, விஷுப் பண்டிகை விடியலில் முதலில் காணும் மங்கலக் காட்சியான விஷுக்கணியிலும் இடம்பெறும். பராமரிப்பில் முதல் எதிரி நம் விரல்தான். வியர்வை பட்ட இடம் மங்கிவிடும், ஆகவே சட்டத்தையோ பிடியையோ மட்டும் பிடியுங்கள். தண்ணீர், சோப்பு, புளி எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக்கூடாது. உலர்ந்த மென்மையான பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். உலோகம்தானே என்று அலட்சியமாக வைக்காதீர்கள். வெள்ளீயம் அதிகம் என்பதால் கீழே விழுந்தால் உடைந்துவிடும்.