சிஓ2 பிஸ்டல்ல கேஸ் லீக், ஓ-ரிங் மாத்துன அனுபவம்

நம்ம 10 மீட்டர் டார்கெட் பிஸ்டல் பழைய சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு கேஸ்ல சுடுற) மாடலுங்க, ராத்திரி சிலிண்டர் மாட்டி வெச்சா காலைல காலி. சோப்புத்தண்ணி தடவுனேன், சிலிண்டர் சேர்ற எடத்துல நொரை வந்துச்சு. கேஸ முழுசா வெளியேத்தி, உள்ள பெல்லட் (சின்ன ஈயக்குண்டு) இல்லைன்னு பாத்துட்டுத்தான் கழட்டோணும், இதுல அவசரமே கூடாதுங்க. பழைய ஓ-ரிங்க, அதாவது கேஸ் கசியாம அடைக்கிற ரப்பர் வளையத்த, பல்குச்சியாலதான் எடுத்தேன், ஊசி வெச்சு நோண்டுனா ரிங் உக்கார்ற பள்ளத்துல கீறல் விழுந்து அப்புறம் எந்த ரிங் போட்டாலும் கசியும்.

கோயமுத்தூர்ல பம்ப் ஸ்பேர் கடைக்கா பஞ்சம், அளவு பாத்து சாதா நைட்ரைல் ரப்பர் ரிங் போட்டேன், அடுத்த தடவ சிலிண்டர் கழட்டுனப்ப உப்பிப்போய் பள்ளத்துலயே உக்காரல, சிஓ2 ரப்பருக்குள்ள ஊறிக்குது. பாலியூரித்தேன் ரிங் வாங்கி சிலிகான் கிரீஸ் லேசா தடவி மாட்டுனதும் நின்னுச்சு. 20 டிகிரிலயே சிலிண்டருக்குள்ள 57 பார் அழுத்தம் இருக்கும், நம்மூரு சித்திரை வெயில்ல கார்ல மட்டும் வெச்சுறாதீங்க.