சின்ன காரில் பெரிய காரின் தரம்: பிரீமியம் ஹேட்ச்பேக்கை உருவாக்கும் முறை

நான்கு மீட்டர் நீளத்தில் ஒரு ஹேட்ச்பேக்கை வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அதற்குப் பிரீமியம் என்று பெயர் வைத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. லெதர் சீட், பெரிய திரை, அலாய் வீல் எல்லாவற்றையும் கடைசி ஆறு மாதத்தில்கூடச் சேர்த்துவிடலாம். கதவு மூடும் சத்தத்தையும், பேனல்களுக்கு நடுவே ஓடும் நேர்க்கோட்டையும், பின்சீட்டில் காது அடைக்காத அமைதியையும் அப்படிச் சேர்க்க வழியில்லை. இவை முதல் சில மாதங்களில் ஒதுக்கிய மில்லிமீட்டர்களிலிருந்து வருபவை. முழுப் பணிக்கும் 36 முதல் 48 மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டால், முதல் பத்து மாதத்தில் விட்டதைப் பிறகு பிடிப்பது பெரும்பாலும் டையை (தகட்டை அழுத்தி வடிக்கும் அச்சை) வெட்டி மாற்றும் செலவில்தான் முடியும்.

ஆட்களை உட்கார வைத்த பிறகே வெளியுருவம்

முதலில் குறிக்க வேண்டியது ஓட்டுநரின் இடுப்பு மூட்டுப் புள்ளி. துறையில் எல்லோரும் எச்-பாயின்ட் என்பார்கள். குதிகாலிலிருந்து இந்தப் புள்ளி 250 மி.மீ. உயரத்தில் இருந்தால் கால் நீண்டு கிடக்கும். 290 மி.மீ.க்கு உயர்த்தினால் முழங்கால் மடங்கும். அதே ஆள் குறைந்த நீளத்தில் வசதியாக உட்காருவார். மிச்சமாகும் இடம் பின்சீட்டுக்குப் போகும். முன், பின் எச்-பாயின்ட்களுக்கு இடையே 770 மி.மீ.யாவது இருக்கட்டும். அதற்குக் கீழே போனால், உயரமான ஓட்டுநருக்குப் பின்னால் இன்னொரு உயரமானவர் உட்கார முடியாது.

ஆளை உயர்த்தினால் கூரையும் உயரும், புவியீர்ப்பு மையமும் மேலே போகும். 1997-ல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் ஸ்வீடனில் நடந்த மூஸ் சோதனையில் (திடீரென்று குறுக்கே வருவதை விலக்கத் திருப்பும் சோதனை) கவிழ்ந்தது நினைவிருக்கும். தளம் உயர்ந்த சின்ன கார் அது. சஸ்பென்ஷனை மாற்றி, எல்லாக் கார்களிலும் ஈஎஸ்பியை (சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பை) பொருத்திய பிறகே விற்பனை தொடர்ந்தது. எச்-பாயின்ட்டைத் தூக்கும் அன்றே இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தையும் கூட்டிக் கேளுங்கள். வெளியுருவம் முடிவான பிறகு கேட்டால் 10 மி.மீ.கூடக் கிடைக்காது.

எஞ்சினைக் குறுக்காக வைப்பதில் இன்று விவாதமே இல்லை. 1959-ல் மினி 3.05 மீட்டர் காரில் நால்வரை உட்கார வைத்தது இப்படித்தான். கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் இருந்தது. 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலா கியர்பாக்ஸை எஞ்சினின் நுனியில் வைத்தது, இன்றும் அதே வழக்கம். இதனால் சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்களும் ஒரே நீளத்தில் அமையாது. முறுக்குவிசை கூடும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்க இதுவும் ஒரு முக்கியக் காரணம். நீளமான பக்கத்தில் பேரிங்கோடு ஒரு இடைத்தண்டு போட்டால் இரண்டும் சமமாகிவிடும். டர்போ வேரியன்ட் பின்னால் வரப்போகிறது என்றால், பேரிங் பிராக்கெட்டுக்கான போல்ட் துளைகளை இப்போதே எஞ்சின் பிளாக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

மோதலுக்கான இடத்தை ஸ்டைலிங் ஆட்கள் கேட்கும் முன்பே பூட்டி வையுங்கள். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2020 முதல் நடத்தும் முன்மோதலில் காரும் 1,400 கிலோ வண்டியும் ஆளுக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிரெதிராக வருகின்றன. உள்ளிருப்பவருக்கு என்ன ஆனது என்பதோடு எதிர்வண்டியின் முகப்பை எப்படிக் குத்தியது என்றும் பார்க்கிறார்கள். மேலே இரண்டு நீளத்தண்டுகள் மட்டும் இருந்தால் ஈட்டிபோல் இறங்கும். சப்ஃபிரேம் (எஞ்சினுக்குக் கீழே உள்ள துணைச் சட்டகம்) வழியாகக் கீழேயும் ஒரு விசைப்பாதை வேண்டும். பாதசாரியின் தலைக்காக பானட்டுக்கும் எஞ்சினின் கடினமான பாகங்களுக்கும் நடுவே 70 மி.மீ. அளவு காலியிடம் தேவை. எஞ்சின் கவர் அழகாக இருக்கிறதே என்று அந்த இடத்தை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பின்பக்க வளையம்

செடானில் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பு உண்டு. ஹேட்ச்பேக்கில் அங்கே இருப்பது பெரிய ஓட்டை. பாடியின் முறுக்கு விறைப்பு அங்கேதான் ஒழுகும். டெயில்கேட் (மேலே திறக்கும் பின்கதவு) திறப்பைச் சுற்றியுள்ள கூரைக்குறுக்கு, இருபக்கத் தூண், தரைக்குறுக்கு ஆகிய நான்கையும் மூடிய பெட்டி வடிவில், மூலைகளில் தொடர்ச்சி விடாமல் ஒரே வளையமாக்குங்கள். தூணின் கனத்தைக் கூட்டுவதால் பெரிய பலனில்லை. பலவீனம் மூலை இணைப்பில் இருக்கும். அங்கே ஸ்பாட் வெல்டுகளுக்கு நடுவே ஸ்ட்ரக்சுரல் பசை ஓட்டினால் கனம் கூடாமலே விறைப்பு ஏறும்.

பி-பில்லருக்கும் (முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள தூண்) கதவடித் தண்டுக்கும் போரான் ஸ்டீல் போதும். 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, டைக்குள்ளேயே குளிரவைத்தால் சுமார் 1,500 மெகாபாஸ்கல் வலிமை வரும். ஒன்றை மறக்கக் கூடாது: வலிமை ஏறினாலும் விறைப்பு ஏறாது. தகட்டை மெலிதாக்கிவிட்டு கார் ஏன் அதிர்கிறது என்று தேடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

டெயில்கேட்டுக்குத் தனிக் கணக்கு

உதாரணத்துக்கு 25 கிலோ டெயில்கேட். முழுதாகத் திறந்த நிலையில் அதன் எடைமையம் கீலிலிருந்து 0.45 மீட்டர் தள்ளி இருக்கிறது. கீழே இழுக்கும் திருப்புவிசை சுமார் 110 நியூட்டன் மீட்டர். இரண்டு கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தாங்குகோல்), ஒவ்வொன்றுக்கும் நெம்புகோல் தூரம் 0.16 மீட்டர் என்றால் ஆளுக்கு 345 நியூட்டன் தேவை. அப்படியே ஆர்டர் போட்டால் குளிரில் டெயில்கேட் தலையில் இறங்கும். வாயு அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 20-ல் 14 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே 20 டிகிரியில் 400 நியூட்டன் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் வாயு கசிவதற்கு அதன் மேலும் கொஞ்சம். இதே ஸ்ட்ரட் 60 டிகிரி வெயிலில் 455 நியூட்டனுக்கு ஏறும், மூடுபவர் அந்த உபரியோடு மல்லுக்கட்டுவார். கீழ்ப்பிடியை 0.9 மீட்டரில் வைத்தால் அவர் கூடுதலாக 40 நியூட்டன் அளவுக்கு இழுத்தால் போதும், பரவாயில்லை. பிறகு ஸ்பாய்லரைப் பெரிதாக்குகிறார்கள், பின்கேமரா வருகிறது, எடை இரண்டு கிலோ ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

அடுத்த தொல்லை முழக்கம். மேடுபள்ளச் சாலையில் டெயில்கேட் மொத்தமாக உள்ளும் வெளியும் அசைந்து, கேபின் காற்றைப் பம்பு போல அமுக்கும். 30 முதல் 50 ஹெர்ட்ஸில் வருவதால் காதில் சத்தமாகக் கேட்பதைவிட அழுத்தமாகவே உணர்வார்கள். பின்சீட்டுப் பயணி தலைவலி என்பார், காரணம் சொல்லத் தெரியாது. ஒலித்தடுப்புப் பஞ்சு இதற்கு உதவாது. இரண்டு பக்கமும் ஆப்பு வடிவ பஃபர்களை வைத்து, மூடிய நிலையில் டெயில்கேட் அவற்றின் மேல் அழுந்தி நிற்கும்படி லாட்சை (பூட்டும் கொக்கியை) சரிசெய்யுங்கள். அழுத்தம் அதிகமானால் மூடுவது கடினம், குறைந்தால் கடகடவென்று ஆடும். அப்படியும் மிஞ்சினால் உள்பக்கம் ஒரு டைனமிக் டாம்பர் (எதிராக ஆடி அதிர்வை அடக்கும் எடை) போடலாம்; ஆனால் அதுவும் எடைதான், ஸ்ட்ரட் கணக்கு மறுபடி வரும்.

கதவு மூடும் சத்தம்

கதவு ‘டப்’ என்று மூட வேண்டும், ‘டங்’ கூடாது. உயர் அதிர்வெண் பகுதி வெளித்தகட்டிலிருந்து வருகிறது. 0.7 மி.மீ. தகட்டின் நடுவில், ஆடும் இடமாகப் பார்த்து அதிர்வை அடக்கும் ஒரு டாம்பிங் ஷீட் ஒட்டினால் பாதி வேலை முடியும். முழுப் பரப்பிலும் ஒட்டுவது வீண் எடை. லாட்சின் நாக்கும் கொக்கியும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கட்டும்.

சின்ன காருக்கே உரிய சிக்கல் காற்று. கேபின் சிறியது என்பதால் கதவு மூடும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறி, கதவைத் திருப்பித் தள்ளும். ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது என்று புகார் வந்தால், உடனே சீலை மெலிதாக்கச் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு கண்ணாடியை 5 செ.மீ. இறக்கிவிட்டு மூடிப்பாருங்கள். எளிதாக மூடினால் குற்றவாளி காற்று. பின்பம்பருக்கு உள்ளே இருக்கும் காற்றுப்போக்கியின் பரப்பைக் கூட்டுங்கள். டிக்கியின் ஓர டிரிம் அந்த வழியை அடைத்திருப்பதும் உண்டு. கண்ணாடி இறங்கியும் கடினம் என்றால் சீலைப் பாருங்கள்: சுற்றிலும் காகிதப் பட்டைகளை வைத்துக் கதவை மூடி ஒவ்வொன்றாக இழுத்தால், எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று கைக்கே தெரியும். சீல் சமமாக இருந்தும் மாறவில்லையானால் ஸ்டிரைக்கரின் (லாட்ச் கவ்விப் பிடிக்கும் வளையத்தின்) நிலை பிசகியிருக்கிறது.

பேனல் கேப் (இடைவெளி)

முகவிளக்கு, பானட், ஃபெண்டர், பம்பர் நான்கும் சந்திக்கும் மூலைதான் காரின் நாணயத்தைச் சொல்லும் இடம். ஐந்து பாகங்கள் தொடராகச் சேர்ந்து ஒவ்வொன்றும் ±0.5 மி.மீ. பிசகினால், நேர்க்கூட்டலில் ±2.5, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±1.1. இந்த இரண்டாவது எண்ணைப் போட்டு 3.5 மி.மீ. கேப் வாக்களிப்பவர்கள், ஒவ்வொரு பாகத்தின் சராசரியும் நடுவில் நிற்கிறது என்று நம்புகிறார்கள். டை தேயத்தேய சராசரி நகரும், பிசகுகள் ஒரே பக்கம் சேரும். ஆகவே தொடரையே குறையுங்கள்: விளக்கு, ஃபெண்டர், பம்பர் மூன்றுக்கும் நிலைநிறுத்தும் துளைகள் ஒரே கேரியரில் (தாங்குசட்டத்தில்) இருக்கட்டும்.

வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். ஒன்றரை மீட்டர் பிளாஸ்டிக் பம்பர் 30 டிகிரி ஏறினால் சுமார் 3 மி.மீ. நீளும், அதே நீள ஸ்டீல் அரை மி.மீ. அளவுதான். பம்பரை நடுவில் பூட்டி, இரு பக்கமும் நீள்துளையில் வழுக்க விடுங்கள். இரண்டு முனையையும் இறுக்கினால் நடுவில் அலை எழும். காலையில் சரியாக இருந்த கார் மதியம் கோணலாகத் தெரியும்.

அதிர்வும் ஓட்டமும்

மூன்று சிலிண்டர் எஞ்சின் என்றால் வெடிப்பு, சுழற்சிக்கு ஒன்றரை முறை. நிமிடத்துக்கு 800 சுற்றில் 20 ஹெர்ட்ஸ், 1,300 சுற்றில் 32.5 ஹெர்ட்ஸ். ஸ்டியரிங் தண்டின் இயல்பு அதிர்வு 33-ல் இருந்தால், குறைந்த வேகத்தில் உயர்கியரில் இழுக்கும் ஒவ்வொரு முறையும் கை கூசும். காக்பிட் குறுக்குக்குழாயை விறைப்பாக்கி அதை 38-க்கு மேல் தள்ளுங்கள். 2.4 மீட்டர் கேபினின் காற்றே 71 ஹெர்ட்ஸில் முழங்கும். மூன்று சிலிண்டர் அதைத் தொடுவது 2,860 சுற்றில். நெடுஞ்சாலையில் மேல்கியரில் ஓடும் சுற்று அதன் மேல் விழாதபடி ஃபைனல் டிரைவை (கடைசி கியர் விகிதத்தை) தேர்ந்தெடுங்கள்.

பின்சஸ்பென்ஷனுக்கு மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகளால் தனித்தனியே பிடிக்கும் அமைப்பு) கேட்பார்கள். அது டிக்கியைத் தின்னும். நல்ல ரப்பர் புஷ் போட்ட ட்விஸ்ட் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைத்து, முறுக்கிக்கொடுக்கும் குறுக்குத்தண்டு) பெரும்பாலும் போதும். உண்மையான சிக்கல் சுமைமாற்றம். பின்னால் ஸ்பிரிங் தாங்கும் எடை 300 கிலோவிலிருந்து 550-க்கு ஏறினால், 1.6 ஹெர்ட்ஸ் துள்ளல் 1.18-க்கு இறங்கி, படகுபோல் ஆடும். வெறும் காருக்கு மென்மையான ஸ்பிரிங் போட்டு, சுமை ஏறும்போது சீக்கிரமே தொட்டு மெல்ல இறுகும் நீண்ட பாலியூரித்தேன் பம்ப் ஸ்டாப்பை (சஸ்பென்ஷன் அமுங்கும்போது தாங்கும் கட்டையை) சேர்ப்பதே கையில் இருக்கும் மலிவான வழி.

உள்ளே

மென்மையான பொருள் முழு டேஷ்போர்டுக்கும் வேண்டாம். முழங்கை தொடும் இடம், கதவின் மேல்விளிம்பு, முழங்கால் சாயும் கன்சோல் ஓரம் போதும். சுவிட்சுகள் வேறு வேறு சப்ளையர்களிடமிருந்து வந்தாலும் அழுத்தும் விசையையும் ‘க்ளிக்’கையும் ஒரே வரைபடத்தில் எழுதிக் கொடுங்கள்.

கீச்சொலி வருவது ஒட்டி ஒட்டி வழுக்கும் பிளாஸ்டிக் ஜோடிகளில். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் உரசும் என்ற பட்டியலை டிரிம் வரைபடத்தோடு இணையுங்கள். தொட வேண்டிய இடத்தில் ஃபெல்ட் நாடா, தொடக்கூடாத இடத்தில் 3 மி.மீ. இடைவெளி. முன்தயாரிப்புக் கார்களை அதிர்வு மேடையில் ஏற்றும்போது அறை வெப்பநிலையில் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் சுருங்கி கிளிப் தளரும், வெயிலில் நீண்டு உரசும். புதிய கார் மௌனமாகத்தான் இருக்கும். அதே காரைச் சாலைச் சோதனை முடிந்து திரும்பியதும் மறுபடி மேடையேற்றி, முதல் நாள் பதிவோடு ஒப்பிடுங்கள். புதிதாகக் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பாக எண் எழுதி, அந்த வரைபடத்துக்குப் பொறுப்பானவரையே பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டுங்கள்.