பென்டடானிக் சோலோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிதாரில் சோலோ (தனி வாசிப்பு) வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசையில்தான் தொடங்குகிறார்கள். ஏ, சி, டி, ஈ, ஜி என்று ஐந்தே சுரங்கள். ஐந்தாவது ஃபிரெட்டில் (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கை வைத்தால் அத்தனையும் விரலுக்கடியில் வந்துவிடும். அரைச்சுர இடைவெளி (ஒரே ஒரு ஃபிரெட் தூரம்) எங்கும் இல்லாததால் எதைத் தொட்டாலும் பெரிதாக உறுத்தாது. இந்தச் சௌகரியமே பலருக்கு வினையாகிவிடுகிறது. காது சும்மா இருக்க, விரல் மட்டும் ஓடுகிறது.

பின்னால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) மாறுவதைக் கவனிக்காததுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஏ-யை ஆதாரமாகக் கொண்ட ப்ளூஸ் பாட்டில் ஏ7, டி7, ஈ7 என்ற கார்டுகள் மாறி மாறி வரும். மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டில் இருக்கும் சி-யை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ7 கார்டுக்குள் இருப்பது சி ஷார்ப். அதனால் ஏ7 ஒலிக்கும்போது அந்த சி-யை அரைச்சுரத்துக்கும் குறைவாக, கம்பியை லேசாகத் தள்ளி வளைத்தால் ப்ளூஸ் வாசனை வரும். ஆறாவது ஃபிரெட்டுக்கு ஹேமர் ஆன் செய்தாலும், அதாவது இன்னொரு விரலால் அங்கே தட்டி ஒலிக்க வைத்தாலும் சரி. டி7 வந்ததும் அதே சி அந்தக் கார்டுக்கே சொந்தமான சுரம். இப்போது வளைக்காமல் அப்படியே நிறுத்துங்கள், கச்சிதமாக உட்காரும். அப்புறம் ஈ7 வரும்போது ஈ-யில் வந்து இறங்குங்கள். பேக்கிங் டிராக்கை (பின்னணி இசைப் பதிவு) போட்டு, கார்டு மாறும் ஒவ்வொரு முறையும் அதன் சுரம் ஒன்றில் இறங்கிப் பழகுவது அலுப்பான வேலைதான். ஆனால் இதைவிடப் பலன் தரும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

மேஜர், மைனர் குழப்பமும் சாதாரணமானதல்ல. பாட்டு சி மேஜரில் இருந்தாலும் அதே ஐந்தாவது ஃபிரெட் பொசிஷன் (கை வைக்கும் இடம்) பொருந்தும். சி மேஜர் பென்டடானிக்கிலும் அதே ஐந்து சுரங்கள்தான். ஆனால் பழக்கதோஷத்தில் ஏ-யிலேயே போய் முடித்தால் வரி அந்தரத்தில் நிற்கும். சி-யில் முடியுங்கள். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: மோகனத்தின் தைவதத்தை ஆதார ஷட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி கிடைக்கிறது. சுரத்தானங்கள் மாறவில்லை, ராகம் மாறிவிட்டது.

பெண்ட் செய்யும்போது, அதாவது கம்பியை வளைக்கும்போது, சுருதி எட்டாமல் பாதியில் நிற்பது கேட்பவரை உடனே உறுத்தும். மூன்றாவது கம்பியில் ஏழாவது ஃபிரெட்டில் இருப்பது டி. அதை ஈ வரை வளைக்க வேண்டுமென்றால், முதலில் இரண்டாவது கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டை மீட்டுங்கள். அங்கே இருப்பது அதே ஈ. அந்தச் சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு பெண்ட் செய்யுங்கள். மோதிர விரல் தனியாகத் திணறும். பின்னாலிருந்து மற்ற இரண்டு விரல்களும் சேர்ந்து தள்ளட்டும்.

மூச்சு விடாமல் வாசிக்காதீர்கள். மறைந்த ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங் பாடிக்கொண்டே சோலோ வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடிவிட்டு, அதற்குப் பதில் சொல்வதுபோல் கிதாரை மீட்டுவார். வாசிப்பதை வாயாலும் முணுமுணுத்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் கை தானாக நிற்கும்.

ஒரே பொசிஷனில் அடைந்து கிடப்பதற்கு மருந்து சுலபம். மூன்றாவது கம்பியில் ஏழிலிருந்து ஒன்பதாவது ஃபிரெட்டுக்குச் சறுக்குங்கள், அடுத்த பொசிஷனுக்கு வந்துவிட்டீர்கள். அங்கே முதல் இரண்டு கம்பிகளிலும் 8, 10 ஆகிய ஃபிரெட்டுகளை மட்டும் வைத்தே நிறைய வாசிக்கலாம்.