காட்டுக்குள் தொலைந்த பந்தயத் தடத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஊருக்கு ஊர் கார் பந்தயத் தடங்கள் முளைத்தன. ஒரு வயலையோ பழைய குதிரைப் பந்தயத் திடலையோ சமன்படுத்தி, முட்டை வடிவில் மண் பாதை போட்டு, உட்காரப் பலகை அடித்தால் வேலை முடிந்தது. அங்கே ஓடியவை ஸ்டாக் கார்கள். பந்தயத்துக்கென்றே கட்டியவை அல்ல. கடையில் யாரும் வாங்கக்கூடிய கார்கள். அந்தத் தடங்களில் பல இன்று வீட்டு மனைகளாகவோ காடாகவோ கிடக்கின்றன. அவற்றின் கதையைத் தேட விரும்புகிறவர்களுக்காக இந்த விளக்கம்.

முதலில், விடை தெரிந்த கணக்கு

எடுத்த எடுப்பில் யாருக்கும் தெரியாத தடத்தைத் தேடிப் போகாதீர்கள். வட கரோலைனா மாநிலத்தின் ஹில்ஸ்பரோவில், ஈனோ ஆற்றங்கரையில் இருந்த ஆக்கனீச்சி ஸ்பீட்வேயை வைத்துப் பழகுங்கள். குதிரைகள் ஓடிய திடல் அது. ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கிய பில் பிரான்ஸ், விமானத்தில் பறந்தபோது மேலிருந்து அதைக் கண்டார் என்று சொல்வார்கள். நாஸ்காரின் ஸ்டாக் கார் தொடருக்கு முதல் பருவமான 1949இல் நடந்த எட்டுப் பந்தயங்களில் மூன்றாவது இங்கேதான் நடந்தது. ஆகஸ்ட் 7 அன்று பாப் ஃப்ளாக் வென்றார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களை உள்ளூர்ப் பாதிரியார்கள் எதிர்த்துவந்தார்கள். 1968 செப்டம்பரில் ரிச்சர்ட் பெட்டி வென்ற பந்தயத்தோடு தடம் மூடப்பட்டது. மறு ஆண்டே பில் பிரான்ஸ் அலபாமாவின் டாலடேகாவில் பிரம்மாண்டமான தடம் ஒன்றைத் திறந்துவிட்டார்.

இந்த விவரங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தில் அகப்படுகிறது என்று பாருங்கள். தேடும் கை அப்படித்தான் பழகும்.

பெயரை நம்பாதீர்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஆக்கனீச்சி என்ற பெயர் பின்னாளில் ஆரஞ்ச் ஸ்பீட்வே என்று மாறியது. முதல் பெயரை மட்டும் தேடினால் பாதி வரலாறு கண்ணில் படாது. ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அக்காலப் பத்திரிகைகள் ஹில்ஸ்பரோவை ஆங்கிலத்தில் கடைசி மூன்று எழுத்துகள் இல்லாமல் எழுதின. போதாக்குறைக்கு, மங்கிய அச்சைக் கணினி படிக்கும்போது ஆக்கனீச்சி போன்ற நீண்ட பெயரைக் கண்டபடி சிதைத்துவிடும். எனவே தடத்தின் பெயரை விட்டுவிட்டு, அங்கே ஓட்டியவர்களின் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். லீ பெட்டி, ஃபயர்பால் ராபர்ட்ஸ் போன்ற பெயர்கள் சிதையாமல் வலையில் சிக்கும்.

வடிவத்தை நம்புங்கள்

பெயர் மாறும், உரிமையாளர் மாறுவார். முட்டை வடிவம் மண்ணில் நெடுநாள் நிற்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தன் பழைய நிலவரைபடங்களை டோப்போவியூ என்ற தளத்தில் இலவசமாகத் தருகிறது. உங்கள் பகுதியின் எல்லாப் பதிப்புகளையும் இறக்கி, கால வரிசைப்படி திறந்து பாருங்கள். முட்டை வடிவம் முதலில் தென்படும் தாள் எது, மறைந்துபோகும் தாள் எது என்று குறித்தால், தடத்தின் ஆயுள் ஏறக்குறைய பிடிபடும். தாளின் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள். அச்சிட்ட ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு.

அடுத்தது வான்படங்கள். அமெரிக்க வேளாண் துறை 1930களிலிருந்தே வயல்களை மேலிருந்து படமெடுத்து வந்திருக்கிறது. எர்த்எக்ஸ்ப்ளோரர் தளத்திலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் பழைய வான்படங்கள் கிடைக்கும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் எடுத்த படங்களைத் தேர்ந்தெடுங்கள். மூடிப் பல ஆண்டுகள் ஆன தடத்திலும், வளைவில் முளைத்த இளமரங்கள் சுற்றியுள்ள முதுகாட்டைவிடக் குட்டையாக, தனி நிறத்தில் வில்போல வளைந்து தெரியும். கண்ட முட்டையெல்லாம் கார் தடம் என்று துள்ளிவிட வேண்டாம். குதிரைத் திடலும் மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும்.

பத்திரிகை: விளம்பரம் சாட்சி ஆகாது

பழைய பத்திரிகைகளை இணையத்தில் படிக்க, வட கரோலைனாவுக்கு டிஜிட்டல் என்.சி. தளமும், நாடு முழுவதற்கும் காங்கிரஸ் நூலகத்தின் கிரானிக்கிளிங் அமெரிக்காவும் இலவசம். நான் ஒரு முறை ஏமாந்த கதையைச் சொல்கிறேன். வேறொரு சிறு தடத்தின் தொடக்கப் பந்தயத்துக்கான அரைப்பக்க விளம்பரம் கிடைத்தது. தேதி, நேரம், டிக்கெட் விலை எல்லாம் கச்சிதமாக இருந்தன. மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டேன். அடுத்த வார இதழின் மூலையில் நான்கே வரியில் ஒரு செய்தி: மழையால் பந்தயம் ரத்து. அன்றிலிருந்து, ஓடி முடித்தவர்களின் வரிசைப் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பந்தயத்தையும் "நடந்தது" என்று எழுதுவதில்லை.

நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பார்க்கலாம். அலுப்பான வேலைதான், ஆனால் தடத்தை நடத்தியவர் நிலத்துக்குச் சொந்தக்காரரா, குத்தகைதாரரா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும்.

பெரியவர்களிடம் பேசும்போது

"எந்த ஆண்டு?" என்று தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். "எந்த வளைவில் அதிகம் மோதிக்கொள்வார்கள்?" என்று கேளுங்கள், கை தானாக எழுந்து காற்றில் தடத்தை வரையும். தேதியைப் பிறகு பத்திரிகையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். புகைப்படம் கொடுத்தால் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பெயர்களை அங்கேதான் பென்சிலில் எழுதியிருப்பார்கள்.

கடைசியாக, நேரில்

தனியார் நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். ஆக்கனீச்சியில் அந்தத் தொல்லை இல்லை. 2002இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்த அந்த இடம் இப்போது பொது நடைபாதை. மண் தடத்தின் மேலேயே ஒரு சுற்று நடக்கலாம். மரங்களுக்கிடையே பார்வையாளர் அமர்ந்த கான்கிரீட் படிகள் பாசி பிடித்து நிற்கின்றன. கோடையில் போனால் புதர்களில் உண்ணி ஒட்டிக்கொள்ளும். ஜனவரியில் போங்கள், இலையில்லாத காட்டில் வளைவின் சரிவும் தெளிவாகத் தெரியும்.