கத்திரி வெயிலில் உணவகச் சமையற்கட்டின் வெப்பத்தைத் தணிப்பது எப்படி?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் உணவகத்தில் முதலில் வாடிப்போகிறவர்கள் அடுப்படியில் நிற்பவர்கள்தாம். ஒரு பானை மோரை வைத்ததோடு கடமை முடிந்தது என்று முதலாளிகள் இருந்துவிடக் கூடாது. சூடும் ஈரமும் கலந்த காற்று உள்ளேயே தேங்கி நின்றால், எவ்வளவு மோர் குடித்தாலும் உடல் குளிராது.

ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீராவி உண்டாகிறது. அப்படியானால் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள், சாம்பாரிலிருந்தும் சோற்றிலிருந்தும் எழும் ஆவியைச் சேர்க்காமலேயே, சுமார் 30 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. காற்றில் ஈரம் ஏற ஏற வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடற்சூடு இறங்க வழியில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெளிக்காற்றே ஈரமானது என்பதால், அங்கே சமையற்கட்டுத் தரையில் தண்ணீர் தெளிப்பதும் உள்ளே ஏர் கூலர் வைப்பதும் புழுக்கத்தைக் கூட்டவே செய்யும்.

ஆகவே முதற்செலவை, சூட்டையும் ஆவியையும் வெளியே இழுத்துத் தள்ளும் எக்ஸாஸ்டுக்கே ஒதுக்குங்கள். அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டு அடுப்பின் விளிம்பைத் தாண்டி அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வடிகட்டிகளை வாரம் ஒருமுறையாவது வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்துக் கழுவ வேண்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வர வழியுண்டா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. எக்ஸாஸ்ட் ஓடும்போது பின்கதவை வெளிப்பக்கமாகத் திறக்கச் சிரமமாக இருந்தால் காற்று வரத்து போதவில்லை என்று பொருள். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் வலையடித்த திறப்பு ஒன்று வைத்தால் நிலைமை மாறும். மின்விசிறியைப் பணியாளரின் பக்கவாட்டிலிருந்து மார்பளவில் திருப்பி வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே சுழலும் விசிறி, கூண்டுக்குள் போகவேண்டிய சூட்டை அறையெங்கும் சிதறடித்துவிடும்.

பரோட்டா மாஸ்டரையும் தோசை மாஸ்டரையும் வாட்டுவதில் பெரும்பங்கு கல்லிலிருந்து நேராக வீசும் அனலுக்கு உண்டு. கல்லின் முன்புறம் இடுப்பளவுக்கு, சற்று இடைவெளி விட்டு, ஸ்டீல் தகடு ஒன்றைப் பொருத்தினால் வயிற்றிலும் தொடையிலும் படும் சூடு வெகுவாகக் குறையும். ஆர்டர் இல்லாத பிற்பகலில் வெறுங்கல்லைச் சூடாக்கிக்கொண்டிருக்க வேண்டாம். குருமா, சாம்பார், பருப்பு வேலைகளைக் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். இடையிடையே உப்பிட்ட நீர்மோரோ கஞ்சியோ தரலாம். கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீரையே தவிர்க்கும் பெண் பணியாளர்கள், குறிப்பாகப் பாத்திரம் துலக்குபவர்கள், பல கடைகளில் இருக்கிறார்கள்; அந்த வசதியைச் செய்துதராமல் குடிக்கச் சொல்வதில் பயனில்லை. புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே முழு நேரமும் அடுப்பில் நிறுத்தாதீர்கள். சூடு பழக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்.

தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் தெரிந்தால் உடனே காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து நீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.